சந்துருவுக்கு, தவிலின் மணிக்கட்டு பற்றி

அன்புள்ள சந்துரு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் நரைமுடியை எண்ணிச் சொல்லும் அளவுக்குப் பார்வை வந்துவிட்டது. மற்ற கதையெல்லாம் அப்புறம்.

விபத்தைப் பற்றிக் குமாரு போனில் சொல்லியிருப்பான். அவன் சொல்லியிருந்தால் லாரி வானத்திலிருந்து குதித்திருக்கும். நடந்தது இதுதான். காரைக்குடியில் கல்யாணக் கச்சேரி முடித்துத் திரும்பும்போது, திருமயம் தாண்டி, மண்ரோட்டிலிருந்து ஒரு லாரி இரண்டு பக்கமும் பார்க்காமல் மெயின் ரோட்டில் ஏறியது. குமாரு பிரேக் அடித்தும் அதன் பின்சக்கரத்தில் போய் மோதிவிட்டது வண்டி. முன்சீட்டில் நம் கூட்டாளி 'வாத்தியார்', பின்சீட்டில் தவில் வாசிக்கும் நம் 'தவில்'.

குமாருவுக்குக் கழுத்து வெட்டி இழுத்ததில் வலி, நெஞ்சில் சீட் பெல்ட் பதிந்த கன்றல். அவ்வளவோடு தப்பினான். எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்து வலிக்கு நஷ்டஈடு கேட்டால் சிகிச்சைச் சீட்டு எங்கே என்பார்கள். பிசியோதெரபிக்குப் போடா என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை விடு.

வாத்தியாருக்கு முழங்கால் டேஷ்போர்டில் மோதி, தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டை. 'இனிமேல் பி.டி. பீரியடுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள்' என்று சிரிக்கிறான், கடங்காரன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் அவன் கட்டிலைச் சுற்றித்தான் நின்றார்கள். தவில், கையில் ஒரு கிரேப் பேண்டேஜோடு எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மோதும் நேரத்தில் முன்சீட்டைப் பிடித்து வலது கையை ஊன்றியிருக்கிறான். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சுளுக்கு என்றார்கள், காயச் சான்றிதழிலும் 'சாதாரண காயம்' என்று எழுதிவிட்டார்கள். வலி போகவே இல்லை. கட்டைவிரலை விரித்தால் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே தொட்டால் துள்ளினான். வேறு டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, ஸ்காஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கிறது. முதல் படத்தில் இது தப்பிப்போவது சகஜமாம். அந்த எலும்புக்கு ரத்தம் வருவது விரல் பக்கத்திலிருந்து. நடுவில் முறிந்தால் மறுபாதி ரத்தமில்லாமல் காய்ந்துபோகலாம், ஒட்டாமலும் போகலாம். இவனுக்கு ஒட்டவில்லை. ஸ்க்ரூ போட்டும் மணிக்கட்டு பாதிதான் மடங்குகிறது.

வலது கை, சந்துரு. இடது கை என்றால் குச்சியைக் கட்டியாவது தவிலின் இடது பக்கமான தொப்பியில் அடித்துவிடுவான். வலது பக்கமான வலந்தலையில், கூடு என்ற விரலுறை மாட்டிய விரல் விழ வேண்டிய வேகத்துக்கு மணிக்கட்டு சுழல வேண்டாமா?

இனிமேல்தான் என் கவலை. வார்டுக்கே ஒரு புரோக்கர் வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் பார்த்தான். எங்கேயோ விசாரித்துவிட்டு, 'சின்ன எலும்புதான், 15 சதவீதம் ஊனம் போடுவார்கள், மக்கள் நீதிமன்றத்தில் மூன்று லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன்' என்கிறான். தவில் சரி என்று தலையாட்டுகிறான்! எனக்கு வந்த கோபத்தில் ஹெட்மாஸ்டர் மேசை சமாசாரத்தையே மறுபடி செய்திருப்பேன்.

நான் நமக்குத் தெரிந்த வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டேன். டாக்டர் சொல்லும் ஊனம் வேறு, அதனால் சம்பாத்தியம் எவ்வளவு போகிறது என்பது வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. இடது கையை இழந்தவர் டிரைவரோ தச்சரோ என்றால் வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம், அதே கையை இழந்தவர் அரசு குமாஸ்தா என்றால் வேலையே போகாமல் இருக்கலாம் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் வாத்தியாரின் பெரிய முறிவுக்கு வருமான இழப்பு என்று ஒன்றும் பெரிதாக வராது, சம்பளம் வந்துகொண்டிருக்கிறது. வலி, வேதனை, ஆஸ்பத்திரிச் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, சத்துணவுக்கு என்று தனித்தனியாகக் கிடைக்கும். ஊனத்துக்கு, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று போடுவார்கள். தவிலின் சின்ன முறிவுதான் பெரிய வழக்கு.

கணக்கைப் பார். மாதம் 30,000 வருமானம் என்று நிரூபித்தால், வயது 46, தனியாகத் தொழில் செய்பவன் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேரும். 37,500. வருஷத்துக்கு நாலரை லட்சம். அவன் வயதுக்கு, இத்தனை வருஷ வருமானம் என்று பெருக்கும் எண் 13. ஐம்பத்தெட்டரை லட்சம். இதில் வருமான இழப்பு 15 சதவீதம் என்றால் 9 லட்சம்கூட இல்லை. 80 சதவீதம் என்று விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 46,80,000. வருமானத்துக்கு அத்தாட்சி இல்லை என்று அவர்களாக 15,000 என்று வைத்துக்கொண்டால் எல்லாமே பாதி. ஆக, முறிந்தது எந்த எலும்பு என்பதைவிட அவன் யார், என்ன சம்பாதித்தான் என்று காட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அங்கேதான் இடிக்கிறது. நம் ஆள் வாழ்க்கையில் ரசீது வாங்கியவனா? முகூர்த்தக் காசை நாயனக்காரர் பிரித்துக் கொடுப்பார், இவன் மடியில் முடிந்துகொள்வான். வருமான வரி என்றால் யாரோ பணக்காரர்கள் கட்டுவது என்று நினைக்கிறான். கும்பாபிஷேக நோட்டீஸ்களில் அவன் பெயர் அச்சானதையெல்லாம் என் மனைவி தேடி எடுத்து அடுக்கியிருக்கிறாள். நாயனக்காரர் சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார். அவர் வாய் உனக்குத் தெரியும், கூண்டில் ஏறினால் ராகம் பாடாமல் இருக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இது. சிங்கப்பூருக்கு நீ ஏற்பாடு செய்து அவன் கோயில் திருவிழாவுக்கு வந்தானே, அந்த நிர்வாகத்திடம் எந்தத் தேதியில் வாசித்தான், எவ்வளவு கொடுத்தார்கள் என்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கு. வங்கி மூலம் அனுப்பியிருந்தால் அந்த விவரமும் வேண்டும். பாஸ்போர்ட் முத்திரையோடு பொருத்திக் காட்டலாம். பழைய வீடியோ இருந்தால் வலது கை நன்றாகத் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து வை, ஊனத்தை அளந்து சொல்லும் மெடிக்கல் போர்டு டாக்டருக்குத் தவில் எப்படி வாசிப்பார்கள் என்று காட்ட வேண்டும் என்கிறார் வக்கீல். முதல் சான்றிதழில் 'சாதாரண காயம்' என்று இருப்பதால், பிறகு முறிவைக் கண்டுபிடித்த டாக்டரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டுமாம்.

தாமதம் செய்யாதே. 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அந்தத் தைரியத்தில் நாம் உட்கார்ந்திருக்க முடியாது. தஞ்சாவூரிலேயே போடலாம், அவன் குடியிருக்கும் ஊர் போதும்.

தவிலுக்கு நீ போன் செய்து பேசு. மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால் செருப்புக் கதையை அவன் சம்பந்தி வீட்டில் சொல்லிவிடுவேன் என்று நான் மிரட்டியிருக்கிறேன். நீயும் மிரட்டு. என் பேச்சை அவன் கேட்டதே இல்லை, உன் பேச்சைக் கேட்பான்.

பெண்ணுக்கு அட்மிஷன் எங்கே கிடைத்தது என்று எழுது.

உன்,
ரகு