செயலாளரின் ஆண்டறிக்கை 2025: வந்தாறுமூலை மாணவர் நலன்புரிச் சங்கம்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அறை கொடுக்கும் வீட்டுக்காரர்களே, கடைக்காரர்களே, பின்வரிசையில் வந்து குந்தியிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

போன வருடம் நான் அறிக்கையை வாசித்து முடித்ததும் ஒருவர் எழும்பி, “செய்ததெல்லாம் சொன்னீங்க, செய்யாம விட்டதச் சொல்லல்லையே” என்றார். சரி, இந்த முறை அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

நிர்வாகக் குழு ஒன்பது தடவை கூடியது. இரண்டு தடவை ஆள் போதாமல் கலைந்தோம். இரண்டும் கோயில் சடங்குக் காலம் என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு பழைய கதை. நம் ஊர்ப் பல்கலைக்கழக வளாகம் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. 1990 இல் ஊர் ஊராக ஓடிவந்த சனம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மதிலுக்குள்தான் ஒதுங்கியது. அந்த ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட 158 பேரும் திரும்பி வரவில்லை. அந்த வளாகத்தில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நாம் இடம் கொடுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நம் முதலாவது தலைவர் அடிக்கடி சொல்வார்.

இப்போது வருகிற பிள்ளைகள் எல்லா இடத்துப் பிள்ளைகளும்தான். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டப் பங்குக்கு, 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். அதனால் ஒரே ஒழுங்கையில் அநுராதபுரம், பதுளை, யாழ்ப்பாணம், காத்தான்குடி எல்லாம் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கின்றன. விடுதி எல்லா வருடப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. மிச்சப் பேர் நம் வீடுகளுக்குத்தான் வருகிறார்கள்.

வருடத் தொடக்கத்தில் நாம் பெரிதாக நினைத்துச் செய்த வேலை ஆலோசனை மேசை. திங்கள் பின்னேரங்களில் வாசிகசாலையில் மேசை போட்டு, பதாகை கட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை இருத்தினோம். ஆறு வாரம் ஒரு பிள்ளையும் வரவில்லை. ஏழாவது வாரம் ஒருவன் வந்தான், கழிப்பறை எங்கே என்று கேட்க. பதாகையைக் கழற்றிவிட்டோம்.

அப்புறம்தான் அறை வீட்டு மாமிமாரைக் கூட்டிப் பேசினோம். எந்தப் பிள்ளை இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லை, யாருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வருவது நின்றது, யார் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டான் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. நாம்தான் கேட்கவில்லை. தேநீர்க் கடைக்காரரிடம் இன்னும் கூடத் தகவல் இருந்தது. கடன் கொப்பியைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார். தனக்குக் கஷ்டம் என்று பிள்ளை தானாக வந்து சொல்லாது. அது ஏற்கெனவே போய்வரும் வாசலில் யாராவது ஒருவர் கவனித்துக் கேட்க வேண்டும். இந்த ஆண்டு நாம் படித்த பாடம் இது ஒன்றுதான். கீழே வரும் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

மாமிமாருக்கு ஓர் எல்லையும் சொல்லிக்கொடுத்தோம். கேட்பது, சோறு போடுவது, கூட இருப்பது அவர்கள் வேலை. அதற்கு மேலே போனால் வளாகத்து ஆலோசகரிடமோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போக வேண்டும். இரவில் ஒருவரும் அகப்படாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதைக் கடைகளில் தேநீர் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். விலையைப் பார்க்காமல் யாரும் தேநீர் குடிப்பதில்லை.

காசு விஷயம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கும் மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி என்ற உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூடியது நல்ல செய்தி. ஆனால் காசு கைக்கு வரும்வரை பிள்ளை என்ன சாப்பிடும்? ஆவணங்களில் பெயர் ஒரு எழுத்து மாறிப்போன மூன்று பிள்ளைகளை ஓர் அலுவலகம் மாதக்கணக்காக அலையவிட்டது. அவர்களுக்கு அறைவாடகையைத் தள்ளிப்போட்ட வீட்டுக்காரர்களின் பெயரை இங்கே வாசிக்க விரும்பினேன். வேண்டாம் என்றார்கள்.

அடுத்தது நான் சற்று நீட்டிப் பேசப்போவது, மன்னிக்கவும். கண் தெரியாத மாணவர் ஒருவர் கலைப் பாடங்கள் படிக்கிறார். நோட்ஸ் எல்லாம் போனில் இருக்கிறது, ஆனால் கேட்க முடியவில்லை என்றார். எனக்கு விளங்கவில்லை. திரையில் உள்ளதை வாசிக்கும் வசதியைப் போட்டுக் காட்டினார். புதிய குறிப்புகளைப் போன் தமிழில் அழகாக வாசித்தது. சீனியர் பிள்ளைகள் கைமாற்றிய பழைய குறிப்பைத் திறந்ததும், ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்றது. அது ‘அம்மா’. பாமினி எழுத்துருவில் அடித்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துத்தான். நம் ஊரில் இருபது முப்பது வருடமாக அடித்த வினாத்தாள், குறிப்பு, திருமண அழைப்பிதழ் எல்லாம் அப்படித்தான். நான் எழுதிய பழைய ஆண்டறிக்கைகளும் அதில் அடக்கம் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

பாமினியை ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றுவது பெரிய வித்தையில்லை. மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியபின் பிழை திருத்த ஆள் வேண்டும். படமாக எடுத்த பக்கங்களைத் திரும்பத் தட்டச்சு செய்யவும் வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் நம் பிள்ளைகள் ஐந்து பேர் இதை எடுத்துச் செய்கிறார்கள். சில பக்கங்களைக் குரலில் பதிந்தும் கொடுத்தார்கள். அதில் ஒரு தங்கச்சி வரைபடத்தையும் வாயால் விவரித்திருந்தாள். அந்த மாணவர் கேட்டுவிட்டு, “படத்த இவ்வளவு விளக்கமா இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல” என்றார்.

வாசிகசாலை வாசலுக்குச் சாய்தளம் போட்ட கதையையும் சொல்ல வேண்டும், அதில் தவறு எங்களுடையது. படி ஓர் அடி உயரம். நாம் நாலு அடி நீளத்துக்குச் சீமெந்து பூசி, திறப்பு விழாவும் வைத்து, வடையும் கொடுத்தோம். சக்கர நாற்காலியில் வந்த மாணவி பார்த்துவிட்டு, “இதில ஏறலாம் ஐயா, பின்னால நாலு பேர் தள்ளினா” என்று சிரித்தாள். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டுமாம். முதலில் அவளிடம் கேட்டிருந்தால் ஒரு மூட்டைச் சீமெந்து மிச்சம். இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டாயிற்று. இரண்டாவது தடவை விழா வைக்கவில்லை.

ரமழானில் நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சஹர் நேரத்துக்குக் கடைகள் திறப்பதில்லை என்பதால் முஸ்லிம் பிள்ளைகள் பலர் பிஸ்கட்டும் தண்ணீரும் குடித்துவிட்டு நோன்பு பிடித்திருக்கிறார்கள். இது எத்தனை வருடமாக நடந்ததோ தெரியாது. இந்த முறை ஏறாவூரிலிருந்து இரவே சோற்றுப் பார்சல் வந்தது. அதிகாலை மூன்றரைக்கு எழும்பிச் சூடாக்கிக் கொடுத்த இரு வீட்டார் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் குடும்பமும் அதன் பக்கத்து வீடும்.

பகிடிவதை (ராகிங்) பற்றிச் சுருக்கமாக. அதைத் தடுக்கும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வளாகத்துக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியே நடப்பதற்கும் பொருந்தும். நம் அறை வீடும் அதில் அடங்கும். “பெரிய பொடியன்கள் சின்னப் பொடியன்களோட விளையாடுறாங்க” என்று வாசலைச் சாத்திவிட்டுப் படுக்கும் வீட்டுக்காரரோடு சங்கம் ஒத்துழைக்காது. ஒரு வீட்டின் பெயரை இந்த ஆண்டு, வாடகை அறைகளைக் குறித்து வைக்கும் நம் அறைக் கொப்பியிலிருந்து வெட்டினோம். வெட்டியதற்குச் செயலாளர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் பெயரைத் திரும்பச் சேர்ப்பதாக இல்லை.

சிங்களப் பிள்ளைகள் இருவருக்கு அறை தேடியபோது, ஒரு வீட்டில் கேட்கவே நான் தயங்கினேன். 1990 இல் தம்பியைப் பறிகொடுத்த அக்காவின் வீடு அது. எப்படியோ கேள்விப்பட்டு அவவே ஆள் அனுப்பினா. “அந்தப் புள்ளைகள் அப்ப பிறக்கவும் இல்லையே மனே. அறை சும்மாதானே கிடக்கு” என்றா. செப்டெம்பரில் அவ தம்பியின் படத்துக்கு விளக்கு வைத்த அன்று, இது யார் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அவவுக்குச் சிங்களம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் போதாது. அந்த வாரம் இருவரும் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்கள். வகுப்பில் நான் புத்தகத் தமிழைச் சொல்லிக்கொடுத்தேன். “எனக்குத் தேநீர் வேண்டும்” என்று கடையில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு வந்தார்கள். இப்போது வகுப்பின் இரண்டாம் பகுதியை கடைக்காரர் நடத்துகிறார்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல். மழைக்கும் வெள்ளத்துக்கும் நாம் பழகியவர்கள்தான். ஆனால் மலையகப் பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரி வந்தது. பதுளையிலிருந்து வரும் பெருவீதி செங்கலடியில்தான் வந்து முடிகிறது, வீட்டுக்குப் போகிற வழி கண்ணுக்கு முன்னால் கிடந்தது, மண்சரிவால் போக முடியவில்லை. போனில் ஒரு பக்கம் அழைப்பு போகாது, மறு பக்கம் சார்ஜ் இல்லை. ஜெனரேட்டர் இருந்த அரிசி ஆலைக்காரர் தன் முன்விறாந்தையைத் திறந்துவிட்டார். ஒரே பலகையில் முப்பது போன் தொங்கியது. வீட்டோடு பேசக் கிடைத்த பிள்ளை கிடைக்காத பிள்ளைக்கு முன்னால் சிரிக்காமல் வெளியே போய்ப் பேசியதை அங்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தோம்.

செய்யாமல் விட்டவை. ரெயில் பாதைப் பக்கத்து ஒழுங்கைக்கு விளக்குக் கேட்டு மூன்று கடிதம் எழுதினோம், இன்னும் இருட்டுத்தான். பெண்பிள்ளைகள் குழுவாக வந்துபோகிறார்கள். வகுப்பு முடிய நேரமாகும் நாட்களில் ஆட்டோக்காரர் இருவர் அரைக்கூலிக்கு ஏற்றிவருகிறார்கள். இன்னொன்று. இரண்டாம் வருடப் பையன் ஒருவன் ஒகஸ்டில் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நமக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்து. அவன் தனியே சமைத்துச் சாப்பிட்டவன், மாமி இல்லாத வீட்டில் இருந்தவன், கடையில் கடன் வைக்காதவன். நம் கவனிப்பில் அவன் விழவே இல்லை. அப்படித் தனி வீடு எடுத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஜனவரியில் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை 11 வீடு.

அறைக் கொப்பி வாசலருகே மேசையில் இருக்கிறது. காலி அறை உள்ளவர்கள் வாடகை, கிணறா குழாயா, வாசலில் எத்தனை படி என்ற மூன்றையும் எழுதிவிட்டுப் போகவும். பேனையைத் திருப்பி வைக்கவும், போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போனது.

நன்றி.
செயலாளர்