லேபில் கழுவுகிற கைகள்

வேலூர்

அன்புள்ள மாணிக்கம்,

கடிதம் கிடைத்தது. சின்னவள் எம்.எஸ்சி. வேதியியல் சேரப் போகிறாள் என்றதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். லேபில் என்ன ஜாக்கிரதை வேண்டும் என்று கேட்டிருந்தாய். கோட்டு, கண்ணாடி, மூடிய செருப்பு எல்லாம் அங்கேயே சொல்லித் தருவார்கள். நைலான் துப்பட்டா மட்டும் வேண்டாம். தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இங்கே அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா? லேபில் கரைப்பானாகப் பயன்படும் ஈதர் என்கிற திரவம் 35 டிகிரிக்குள் கொதித்துவிடும். மதியம் கரண்ட் போனால் எங்கள் கல்லூரி லேப் ஸ்டோர் ரூமே அந்தச் சூட்டைத் தாண்டும். ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து எங்கோ எரிகிற பர்னரில் போய்ப் பற்றும். சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாலோ உள்ளே சுவிட்சிலிருந்து ஒரு பொறி போதும். அதனால் கோடையில் ஈதர் வாங்குவதையே குறைத்துவிட்டோம்.

என் மனதை அரிப்பது வேறு. கண்ணாடிச் சாமான் கழுவுகிற அக்காவுக்கு விரல் இடுக்கெல்லாம் குழிப்புண். சோப்புத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். சோப்பு இல்லை, குரோமிக் ஆசிட்! பிசுக்குப் போக பியூரெட்டை, அதாவது திரவம் அளக்கிற நீளக் கண்ணாடிக் குழாயை, அதில் ஊறவைக்கிற பழைய பழக்கம் இன்னும் இருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கிற குரோமேட் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதே, அதே ஆறு இணைதிறன் குரோமியம்தான் இதிலும். புற்றுநோய் வரவைக்கக்கூடியது. ராணிப்பேட்டைக் கிணறுகளுக்காக மேடையேறிப் பேசுகிற நாமே அதை சிங்க்கில் ஊற்றுகிறோம், ஒரு பெண்ணின் கையால்.

பாதுகாப்புப் பயிற்சி வருஷா வருஷம் நடக்கிறது, இங்கிலீஷில், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும். அந்த நேரத்தில் அக்கா வெளியே டீ டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார். கூட்டத்தில் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். ஆசிட்டை நிறுத்தி, லேப் டிடர்ஜென்டில் ஊறவைக்கச் சம்மதித்தார்கள். பாட்டில்களில் தமிழிலும் பெயர், படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிவப்புப் பட்டை என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார்கள். விடமாட்டேன்.

கையுறை வந்தது, ஆனால் ஆண்கள் அளவு. ஈரத்தில் நழுவுகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். நீ பாரிமுனைப் பக்கம் போனால் ஒரு உதவி செய். நைட்ரைல் கையுறை, சின்ன சைஸ், முழங்கை வரை நீளமானது, என்ன விலை என்று விசாரித்து எழுது. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் வேண்டும்.

அன்புடன்,
ஏழுமலை