மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே, செல்வி

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் தேடும் சொல் வந்து சேர்வதற்குள் நீ "என்னப்பா, என்னப்பா" என்று நாலு தரம் கேட்டுவிடுகிறாய். வந்துகொண்டிருந்த சொல்லும் பாதி வழியில் திரும்பிப் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த அவசரம் கிடையாது.

கொலஸ்ட்ரால் மாத்திரையை உடனே நிறுத்துங்கள் என்று நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்வோம். கொஞ்ச நாளாகவே நீ எனக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறாய். "அப்பா, இனியனுக்குப் பிறந்தநாள் என்றைக்கு?" என்று பெற்றவளே தாத்தாவிடம் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தமிழ்நாட்டின் முதலமைச்சர் யார் என்று கேட்காததுதான் பாக்கி. எனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயப்படுகிறாய். தப்பில்லை, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த புதிதில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ஆள் தெளிவாக இருக்கிறாரே" என்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மந்தம் வந்தது. தூக்கக் கலக்கம் இல்லை, மயக்கம் இல்லை. அச்சு இயந்திரத்தில் மை குறைந்தால் எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், ஆனால் வெளிறி விழும். அப்படி இருந்தது தலைக்குள். முப்பது வருடத்துக்கு மேல் புரூப் பார்த்தவன், தலையங்கத்தின் கடைசிப் பத்திக்கு வரும்போது முதல் பத்தியில் என்ன இருந்தது என்று தெரியாமல் மறுபடி மேலே போனேன்.

ஒருநாள் பின்வாசல் கதவுக்கு எண்ணெய் விடப் போனேன். "அது இறுகிக் கிடக்கிறது" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எது என்றாள். என் கை அதன் மேல்தான் இருக்கிறது. பித்தளை விரலில் சில்லென்று படுகிறது, இழுத்தால் கிரீச்சிடுகிறது, நுனியில் வளைந்திருப்பதுகூடத் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. அவள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கூப்பிடாமலே 'தாழ்ப்பாள்' என்று வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவு வேறு கதை. கனவுகள். மறைந்துபோன உன் அத்தை வந்து கணக்குக் கேட்டுச் சண்டை போடுகிறாள். ஈய எழுத்துகள் தட்டிலிருந்து இறங்கி ஓடுகின்றன, நான் துரத்துகிறேன். விழித்தால் மணி இரண்டரையோ மூன்றோ இருக்கும். அப்போது வருகிற பயம் இருக்கிறதே, அது பழைய பயம் மாதிரி இல்லை. முன்பெல்லாம் பயந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், பிறகு அடங்கும். இப்போது மனம் நடுங்குகிறது, நாடி மட்டும் 54 இல் நிதானமாக நடக்கிறது. இதயமே என்னைக் கைவிட்டுவிட்டதோ என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன். நீ அனுப்பிய கைக்கடிகாரம் வேறு இருட்டில் பச்சை விளக்கைக் காட்டி எண்ணிக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறாள், இரவில் எத்தனை அடி என்று என்னிடம் கணக்கு ஒப்பிக்கிறாள்.

நாடி மெதுவாக நடப்பது மெட்டோப்ரோலாலின் வேலை என்று பிறகு புரிந்தது. பயந்தால் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் வந்து இதயத்தின் கதவைத் தட்டினாலும் திறக்காமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. பீட்டா பிளாக்கர் என்பார்கள். இந்த வகையில் பெரும் புகழ் பெற்ற ப்ரொப்ரனலால் 1960-களில் வந்தது. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988 இல் நோபல் பரிசு வாங்கினார். கச்சேரி மேடையில் கை நடுங்கும் வாத்தியக்காரர்கள் அதே ப்ரொப்ரனலாலைப் போட்டுக்கொள்வதும் உண்டாம். அவர்களுக்கு நடுக்கம் நிற்கிறது, அதனால் பயமும் போகிறது. எனக்கு நடுக்கம் நின்றது, பயம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

டாக்டரிடம் போகும்போது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவர் எதிரே உட்கார்ந்ததும் "நன்றாக இருக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும், உனக்குத் தெரியாதா? உன் அம்மா தாளைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் நிதானமாகப் படித்தார். என்னைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு நிற்கவைத்துப் பார்த்தார். படுத்தால் மேல் எண் 118, நின்றால் 94. இருபதுக்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம் என்றார். காலையில் மெட்டோப்ரோலாலும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ராமிப்ரிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அதன் பிறகு எழுந்து நடமாடினால் மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். தைராய்டு, சோடியம், பி12 வைட்டமின் மூன்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முதல் இரண்டும் சரி. பி12 குறைவு. சர்க்கரைக்கு நான் வருடக்கணக்காகச் சாப்பிடும் மெட்ஃபார்மின் அதைக் குறைக்கக்கூடியது, பி12 குறைந்தால் ஞாபகமும் தடுமாறும். இதய மாத்திரையையே திட்டிக்கொண்டிருந்த எனக்கு இது தேவைதான்.

மூச்சு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு போதாததுபோல் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டைகாக்ரெலர் சிலருக்கு அப்படிச் செய்யும். டாக்டர் எக்கோ என்கிற இதய ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பார்த்துவிட்டு, இதயத்திலும் நுரையீரலிலும் கோளாறு இல்லை, இது மருந்தின் குணம் என்றார். அடுத்த முறை மூச்சு முட்டியபோது அதே முட்டல்தான், ஆனால் நான் எழுந்து உட்கார்ந்து கதவைத் திறந்துவிட்டு ஓடவில்லை. காரணம் தெரிந்தால் பாதி பயம் இறங்கிவிடுகிறது.

மெட்டோப்ரோலால் கொழுப்பில் கரைவதால் எளிதாக மூளைக்குள் போகும், கனவுக்கு அது காரணமாக இருக்கலாம் என்று சொல்லி, அதே வகையைச் சேர்ந்த பைசோப்ரோலாலுக்குக் குறைந்த அளவில் மாற்றினார். ராமிப்ரிலை இரவுக்குத் தள்ளினார். பி12 ஊசி போட்டார்கள். அத்தை இப்போது எப்போதாவதுதான் வருகிறாள், வந்தாலும் சண்டை போடுவதில்லை.

கடைசியில் அவர் கேட்டது என்னை யோசிக்க வைத்தது. "இதயம் ஒருமுறை நின்றுவிடப் பார்த்த மனிதர் நீங்கள். பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆலோசகரிடம் போகிறீர்களா?" உன் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "அவருக்கு என்ன கிறுக்கா?" என்றாள் வெளியே வந்ததும். நான் போனேன். அந்தப் பெண் உன் வயதுதான் இருப்பாள். நாளுக்கு ஒரே தரம், காலையில் மட்டும் நாடி பாருங்கள் என்றாள். இரவில் விழித்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடச் சொன்னாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஆனால் கேட்கிறது. பேசியதில்தான் எனக்கே தெரிந்தது, பாதி மந்தம் மருந்தால் வந்தது என்றால் மீதிப் பாதி நான் நாள் முழுக்க நெஞ்சுக்குள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்தது. அங்கேயே காவல் நின்றால் தலையங்கம் எப்படி மனத்தில் நிற்கும்?

இனி நீ அனுப்பிய கட்டுரைக்கு வருகிறேன். கொலஸ்ட்ரால் மாத்திரை மூளையைத் தின்றுவிடும், உடனே நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறான் மகராசன். ஸ்டாட்டின் வகை என்னும் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரைகளால் சிலருக்கு மறதி, குழப்பம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012 இல் மருந்தோடு வரும் விவரச் சீட்டில் சேர்க்கச் சொன்னது உண்மை. அது பொதுவாகக் கடுமையானதல்ல, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் அதே அமைப்பு சொன்னது. அந்த வரியை மட்டும் அவன் விட்டுவிட்டான். புரூப் பார்த்தவனிடம் இந்த வேலை ஆகாது. எதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த துடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும், நெஞ்சுவலியும் வரலாம். டைகாக்ரெலரைச் சீக்கிரம் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். மாற்றலாம், குறைக்கலாம், நேரம் மாற்றலாம். அதை டாக்டர் செய்யட்டும், நீயும் நானும் வாட்ஸ்அப்பும் செய்ய வேண்டாம்.

இப்போதும் முழுக்கத் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் வெளிறும். அதனால் வங்கி வேலை, கணக்கு, கடிதம் எல்லாம் காலையில்தான். இந்தக் கடிதமும் அப்படித்தான் இரண்டு காலையாக வளர்கிறது. கட்டிலிலிருந்து எழும்போது ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுகிறேன். சட்டைப் பையில் சின்ன நோட்டு இருக்கிறது. வராத சொல்லைத் துரத்துவதில்லை, சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நெஞ்சில் பாரம் ஏறி, வேர்த்து, இறங்காமல் நின்றால் மட்டும் அதை மனப்பயம் என்று சமாதானம் செய்துகொள்ளமாட்டேன், 108 ஐக் கூப்பிடுவோம். எண்ணை உன் அம்மா சமையலறைச் சுவரில் காலண்டர் அளவுக்குப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள், ஏதோ எனக்கு மூன்று இலக்கம் மறந்துவிடும் என்பதுபோல.

சாயங்காலம் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறேன். அங்கே இதயக்காரர்கள் சங்கமே இருக்கிறது. யாருக்கு எத்தனை ஸ்டென்ட் என்பதில் ஒரு போட்டி, எனக்கு ஒன்றுதான் என்பதால் மரியாதை குறைவு.

உன்னிடம் கேட்பது இரண்டே. சொல் தேடும்போது எனக்குப் பதிலாக நீ சொல்லி முடிக்காதே. தினமும் "மாத்திரை போட்டாச்சா?" என்று ஆரம்பிக்காதே, அதை அம்மாவிடம் கேட்டுக்கொள், அவளிடம் பதிவேடே இருக்கிறது. உன் மேலதிகாரியோடு நடந்த சண்டையைப் போன வாரம் பாதியில் நிறுத்திவிட்டாய், "உங்களுக்கு டென்ஷன் வேண்டாம்" என்று. மீதியைச் சொல். அந்த ஆள் பதவி உயர்வுக் கோப்பில் கையெழுத்துப் போட்டானா இல்லையா? மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, மத்தியானம் வேண்டாம்.

இனியன் பிறந்தது ஆவணி மாதம், மூல நட்சத்திரம். ஆங்கிலத் தேதியை நீயே பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா