பன்னிரண்டரைக்குச் சோறு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் வீடு அமைந்து, மாமியாரையும் கூட்டி வந்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோச்சு. பாப்பாவுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா? இங்கே எல்லாரும் சௌக்கியம். ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, முதுநகர் துறைமுகத்துக்கு விசைப்படகு மீன் மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. நேற்று சங்கரா வாங்கினோம்.

எவ்வளவு பரபரத்தாலும் சாப்பிடுகிற நேரத்தில் ஏதாவது ஒன்று அடுப்பிலேயே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைவிட, மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் என்று எழுதியிருந்தாயே, அதுதான் மனசில் நின்றது. எங்கள் அத்தைக்கும் அதேதான். அரை மணி முன்னால் போடுகிற ஊசி. போட்ட பிறகு சோறு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சில பேருக்குப் பேச்சே குழறும். அதனால் இந்த வீட்டில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டரைதான். டாக்டர் சொன்ன இடைவெளியை நாம் மாற்றக் கூடாது, சமையலைத்தான் முன்னால் இழுக்க வேண்டும். சோறு ஆகிவிட்டது என்று தெரிந்த பிறகே நான் ஊசியைக் கையில் எடுப்பேன். அப்படியும் இறங்கிவிட்டால் உடனே கொடுக்கச் சர்க்கரை டப்பா எப்போதும் அத்தை கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். நீயும் அப்படி ஒன்று வைத்துவிடு, கலா.

சரி, கணக்குக்கு வருகிறேன். தட்டு வைக்கிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வா. குக்கரில் எல்லாரும் விசிலை மட்டும்தான் எண்ணுகிறார்கள். ஆவி ஏறுவதற்கு எட்டுப் பத்து நிமிஷம், வேக ஒரு பத்து, தானாக அடங்க இன்னொரு பத்து. ஆக, அரை மணி போய்விடும். புழுங்கலரிசி ஊற வேண்டியது தனி. பன்னிரண்டு மணி ஊசிக்குள் சோறு தயாராக வேண்டுமென்றால், பதினொன்றே காலுக்குக் குக்கர் அடுப்பில் ஏற வேண்டும், அதற்கு அரை மணி முன்னால் அரிசி தண்ணீரில் விழ வேண்டும். மூடியைத் திறக்காமல் விட்டால் பன்னிரண்டரை வரை சூடு போகாது. அரிசிக்கு மேலேயே பருப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டால் இன்னொரு அடுப்பு உனக்கு மிச்சம். பருப்பில் புளியை மட்டும் முந்தி விட்டுவிடாதே. புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழையவே குழையாது.

அப்புறம், எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார். குழம்பு, கூட்டு எல்லாம் காத்திருக்கும். அப்பளம், வறுவல், தோசை காத்திருக்காது. மீன் குழம்பையே எடுத்துக்கொள். காலை ஒன்பதுக்கே வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, தூள் போட்டு, புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கிற வரை கொதிக்கவிட்டு இறக்கிவிடுவேன். கழுவிய மீன் மஞ்சள், உப்பு தடவி பிரிட்ஜில் இருக்கும். பன்னிரண்டேகாலுக்குக் குழம்பை மறுபடி கொதிக்க வைத்து மீனைப் போட்டால் ஏழெட்டு நிமிஷம்தான். மீன் விழுந்த பிறகு கரண்டி போடாதே, சங்கரா உடைந்துவிடும். சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் போதும். அவர் முதல் ஷிப்டு முடிந்து இரண்டரைக்குத்தான் வருவார். அவருக்கு வறுக்கிற துண்டுகள் மசாலா தடவி பிரிட்ஜில் காத்திருக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் கல்லில் எண்ணெய் விடுவேன். அவர் கைகால் கழுவி வருவதற்குள் ஒரு பக்கம் சிவந்திருக்கும்.

இட்லி மாவுக்கு மட்டும் கடிகாரம் பார்த்துப் பிரயோசனமில்லை, வானத்தைத்தான் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் சாயங்காலமே ஆட்டிவைத்தால் நடுராத்திரியே பொங்கி வழிந்து, விடிவதற்குள் புளித்துவிடும். அந்த நாட்களில் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டுவதுதான் சரி. மார்கழியில் மத்தியானமே ஆட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் காலையில்தான் எழும்பும். புயல் எச்சரிக்கை என்றால் நான் மாவு ஆட்டுவதே இல்லை. ‘தானே’ புயலுக்குப் பிறகு நம் இரண்டு ஊரிலும் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, பிரிட்ஜில் இருந்ததெல்லாம் வீணாகிப் போனது இன்னும் மறக்கவில்லை. அரிசி ரவையும் கோதுமை ரவையும் இருந்தால் உப்புமா கிண்ட இருபது நிமிஷம் போதும்.

மத்தியானச் சோறு மிஞ்சினால் இந்த வெக்கையில் ராத்திரி வரை வெளியே வைக்காதே. சர்க்கரைக்காரர்களுக்கு வயிறு கெட்டால் ஊசிக் கணக்கும் சேர்ந்து கெட்டுப்போகும். அவருக்கு எடுத்துவைப்பதை நான் சுடச்சுட ஹாட்பாக்ஸில் போட்டு மூடிவிடுவேன், மிச்சம் ஆறியதும் பிரிட்ஜுக்குப் போய்விடும்.

உன் மாமியாருக்கு எத்தனை மணிக்கு ஊசி, பாப்பா எத்தனை மணிக்குப் பள்ளிவிட்டு வருகிறாள், உன்னிடம் இருப்பது எத்தனை லிட்டர் குக்கர் என்று எழுது. ஆடி பிறந்ததும் ஒரு நாள் பஸ் ஏறி வருகிறேன், உன் அடுப்படியிலேயே நின்று ஒரு மத்தியானச் சமையலைச் சேர்ந்து செய்து பார்ப்போம். அத்தை உன் மாமியாரை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
மல்லிகா