அழுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் மருமகன் அனுப்பிய படங்களும் கிடைத்தன. வன்னியில், நம் முத்தையன்கட்டு மேட்டுக்காணியில் நாலு அறை கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறானாம். நல்ல விஷயம். நானும் அப்படியான ஓர் இடத்தில்தான் வேலை செய்கிறேன் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன்.

இது வேல்ஸில் பிரெக்கன் மலைப்பக்கம். ஒரு பழைய பண்ணையின் கல் வீடுகளைத் திருத்தி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தோட்டமும் திருத்தவேலைகளும் என் பொறுப்பு. 'சூழலுக்கு உகந்த இடம்' என்றுதான் விளம்பரம். அதில் பாதி வெறும் பூச்சு. துவாயைத் திரும்பப் பாவித்து உலகத்தைக் காப்பாற்றுங்கள் என்று குளியலறையில் ஓர் அட்டை தொங்குகிறது. மிச்சமாவது முதலாளியின் சலவைச் செலவு.

ஆனால் ஒரு வேலை உண்மையானது. மலசலகூடத் தண்ணீர் முதலில் ஒரு தொட்டிக்குப் போகும். கசடு அங்கே அடியில் தங்கிவிட, தெளிந்தது சரளைக்கல் நிரப்பிய ஒரு பாத்திக்குள் இறங்கும். அதில் நாணல் நட்டிருக்கிறோம், குளத்தோரத்தில் தானாக முளைக்குமே, அதேதான். கல்லிலும் வேரிலும் ஒட்டியிருக்கிற கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். மறுபக்கம் வருகிற தண்ணீரில் நாற்றமே இல்லை. குடிக்க ஆகாது, மரங்களுக்கு விடலாம். தண்ணீர் கல்லுக்குக் கீழேயே நிற்பதால் நுளம்பு முட்டையிட வழியில்லை. டெங்குக்குப் பயப்படுகிற உங்களுக்கு இது முக்கியம். இங்கே குளிர்காலத்தில் நாணல் கருகி, கிருமிகளும் சோர்ந்துவிடும். வன்னிச் சூட்டில் வருடம் முழுக்க வேலை செய்யும். பாத்தியின் அடியில் மட்டும் தண்ணீர் கசியாதபடி விரிப்போ சீமெந்தோ போடவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கிணற்றுக்குத்தான்.

சாப்பாட்டுக் கழிவையும் இங்கே கண்டபடி கொட்ட முடியாது. 2024 ஏப்ரல் 6 முதல் வேல்ஸில் வேலைத்தலங்கள் கழிவைத் தரம் பிரிக்கவேண்டும், விடுதிகளும் சேர்த்து. சாப்பாட்டை அரைத்துக் கானுக்குள் விடுவதும் தடை. இலைதழையை நாங்களே பசளையாக்குகிறோம். 2021 இல் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியதிலிருந்து சேதனப் பசளை என்றாலே அத்தானுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் இது வயலுக்கு இல்லை, விடுதியின் மரக்கறித் தோட்டத்துக்கு.

கூரையில் சோலார் இருக்கிறது. உங்கள் வெயிலில் அரைவாசிதான் இங்கே தேறும், அதையே விடுகிறார்கள் இல்லை. கூரைக்குள் வௌவால் குடியிருந்தால் அனுமதி இல்லாமல் ஓடு பிரிக்கவும் முடியாது. நம்மூரில் யானைக்கே இவ்வளவு மரியாதை கிடையாது! இரவில் விளக்குகள் எல்லாம் நிலத்தைப் பார்த்துத்தான் எரியும். 2013 இல் இந்த மலைப்பகுதியை இருண்ட வானக் காப்பிடமாக அறிவித்தார்கள், நட்சத்திரம் பார்க்கவே காசு கொடுத்து வருகிறார்கள். மருமகன் படத்தில் கீறியிருக்கிற அந்தப் பெரிய முகப்பு விளக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிணறு எங்கே, காணி எந்தப் பக்கம் சரிகிறது என்று அவன் ஒரு வரைபடம் கீறி அனுப்பட்டும். மாரியில் வெள்ளம் எதுவரை ஏறும் என்பதை அத்தானிடம் கேட்டுக் குறிக்கவேண்டும். அறைகளுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முதல் இது வேண்டும். படத்தில் இருக்கிற நீச்சல்குளத்தைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

அன்புடன்,
தம்பி