சம்மதம் என்று எழுதிக்கொள்கிறவர்கள்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள வேலுச்சாமிக்கு,

நலம், நலமறிய ஆவல். மூத்தவளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை; மற்றபடி குறையில்லை.

பெரிய கம்பெனிகள் பெயரைக் கெடுத்துக்கொள்ளத் துணியமாட்டார்கள், ஆகவே நம் விவரங்கள் அவர்களிடம் பத்திரமாக இருக்கும் என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ 8.7 கோடிப் பேரின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிக்கா என்ற தேர்தல் பிரசார ஆலோசனை நிறுவனத்திடம் போயிருக்கக்கூடும் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்க அரசு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகும் நீயும் நானும் அந்தக் கம்பெனியின் வாட்ஸப்பில்தான் பேசிக்கொள்கிறோம். பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது, வேறு கடையே இல்லாத ஊரில் செல்லாத கணக்கு.

பக்கத்து வீட்டு அக்காவை உனக்குத் தெரியும், சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர். மாட்டுக்கு வைத்தியம் பார்க்க, போனில் ஒரு கடன் செயலியை இறக்கியிருக்கிறார். தொடர்பு எண்கள், படங்கள், இருப்பிடம் என ஒவ்வொன்றுக்கும் அது ஆங்கிலத்தில் அனுமதி கேட்க, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அவர், அடுத்த பக்கம் வந்தால் போதுமென்று கீழேயிருந்த நீலப் பொத்தானை அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். தவணை சற்றுத் தாமதமானதும் சம்பந்தி வீட்டுக்கும் சொசைட்டிச் செயலாளருக்கும் போன் போனது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அவர் அழுத்திய அழுத்தலைத்தான் சம்மதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்ப்ரிங்க்ளர் வழக்கு நினைவிருக்கிறதா? கோவிட் காலத்தில் கேரள அரசு மக்களின் உடல்நல விவரங்களை அந்த அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைத்ததை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள். அடையாளங்களை நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும், வெளியார் பார்க்கக்கூடும் என்று மக்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என உயர்நீதிமன்றம் 2020 ஏப்ரலில் இடைக்கால உத்தரவிட்டது. கேட்க ஓரிடம் இருக்கிறது என்ற தைரியம் எனக்கு அன்றுதான் வந்தது; எந்தக் கம்பெனியின் உறுதிமொழியும் அதைத் தந்ததில்லை.

2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும். ஆக, கேரளத்தில் இருந்தாலும் அக்கா தமிழில் கேட்கலாம். ஆனால் விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அரசு அமைப்புகளுக்கு அளித்திருக்கும் விலக்குகளும் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன.

அதுவரை அக்கா காத்திருக்க முடியாது. வங்கியில் இத்தனை வருடம் இருந்தவன் நீ. ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும்படி ஒரு புகாரைத் தமிழில் எழுதி அனுப்பு. அவருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
சிவராமன்