எம்.எஸ். என்று முடிவுகட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

ஆசிரியருக்கு,

வணக்கம். மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'குளிர் நாடுகளில் அதிகம், வெப்ப நாடுகளில் குறைவு' என்று சொல்லி முடித்திருந்தது. எம்.எஸ். வரையில் அது சரி. ஆனால் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் இன்னொரு தன்னெதிர்ப்பு நோய் உண்டு: நியூரோமையலைடிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. அது இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை.

வட ஐரோப்பாவின் சில பகுதிகளில் லட்சம் பேரில் 200-க்கும் மேற்பட்டோருக்கு எம்.எஸ். இருக்கிறது. என்.எம்.ஓ. அங்கே லட்சத்தில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான். கரீபியன் தீவான மார்தினிக்கில் லட்சத்துக்கு 10 பேர் என்று 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதே ஆய்வில் அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் 3.9. அந்தக் கவுண்டியிலும் கறுப்பின மக்களிடையே விகிதம் வெள்ளையரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே வெயிலையும் குளிரையும்விட மரபுவழிக்கே இதில் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. நம் பக்கத்தில் மங்களூருவில் நடந்த ஆய்வு லட்சத்துக்கு 2.6 என்றது. எம்.எஸ். குறைவாக உள்ள ஊரில் இது சின்ன எண் அல்ல.

ஜப்பானில் 'கண்-தண்டுவட வகை எம்.எஸ்.' என்றே நெடுங்காலம் பெயரிட்டு வந்தார்கள். அவர்களில் பலருக்கு இருந்தது என்.எம்.ஓ. என்பது 2004-இல் அதற்குரிய எதிர்ப்பொருள் கண்டறியப்பட்ட பிறகே தெளிவானது. அது குறிவைப்பது அக்வாபோரின்-4 என்ற புரதத்தை. பெயர் மாறினால் என்ன என்று விட முடியாது. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நடாலிசுமாப் ஆகியவை என்.எம்.ஓ.வைக் கிளறிவிடக்கூடும். எம்.எஸ்.ஸில் முதல் தாக்குதல்கள் ஓரளவு ஆறிவிடும். இதிலோ ஒரே தாக்குதலில் கண் போய்விடலாம், கால் விழுந்துவிடலாம்.

தண்டுவட எம்.ஆர்.ஐ.யில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முள்ளெலும்புகளின் நீளத்துக்கு வீக்கம் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். படத்தைத் தாக்குதல் நடக்கும்போதே எடுக்க வேண்டும். தாமதித்தால் அந்த நீள்வடு துண்டுதுண்டாகிப் பார்ப்பதற்கு எம்.எஸ். போலவே இருக்கலாம். நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும்கூட இதன் முதல் அறிகுறியாகலாம். பாவம், எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாமல் இரைப்பை மாத்திரையோடு வீடு திரும்புகிறவர்கள் இவர்கள்தான்.

அக்வாபோரின்-4 பரிசோதனைக்கு ரத்தமே போதும், தண்டுவட நீர் தேவையில்லை. 'செல் அடிப்படையிலான முறை'யில் செய்யும்படி கேட்க வேண்டும். எலைசா என்ற இன்னொரு ஆய்வக முறையில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் பிழை கூடுதல். பிளாஸ்மா மாற்றத்துக்கு (ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் சிகிச்சை) முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் எதிர்ப்பொருள் வெளியேறிவிட்டிருக்கும். முடிவு நெகட்டிவ் என்றாலும் சந்தேகம் தீராவிட்டால் இதே போன்ற அறிகுறிகளைத் தரும் இன்னொரு நோய்க்குரிய மாக் (MOG) எதிர்ப்பொருளையும் பார்த்து, சில மாதங்களில் மறுபடி சோதிப்பது நல்லது.

தாக்குதலின்போது மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 1 கிராம், பெரும்பாலும் 5 நாள், ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும். பலன் மந்தமாக இருந்தால் வாரக்கணக்கில் காத்திராமல் பிளாஸ்மா மாற்றத்துக்குப் போக வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், 5 முதல் 7 முறை. அதிகம் சறுக்குவது இதற்குப் பிறகுதான். உடம்பு தேறியதும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்புகிறது. நோய் திரும்பாமல் தடுக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தான அசாத்தியோபிரின் தொடங்கினால் அது வேலைசெய்ய 4 முதல் 6 மாதம் ஆகும், அதுவரை ஸ்டீராய்டு துணை வேண்டும். அதே நோக்கத்துக்கான ரிடுக்சிமாப் என்றால் வழக்கமாக 1 கிராம் வீதம் இரண்டு வார இடைவெளியில் இருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, காசநோய் இரண்டுக்கும் சோதனை கட்டாயம். செலவைப் பார்த்து அடுத்த தவணையைத் தள்ளிப்போடும்போதுதான் அடுத்த தாக்குதல் வருகிறது.

இப்படிக்கு,
நரம்பியல் மருத்துவர்கள் சிலர்,
மதுரை